பதினோரு மணிக்குள்

அத்தியாயம் 17

முள்ளங்கிப் பராட்டா கல்லிலேயே கருகிக்கொண்டிருந்தது. பர்மிந்தர் கௌர் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் கண்ணில் நின்றது பராட்டா இல்லை, ஒரு காகிதம்.

நேற்று மாலை சாந்த்கோட் போலீஸ் லைன்ஸ் என்ற காவலர் வளாகத்துக்கு வந்த உத்தரவு அது. தலைமைக் காவலரும் லைன்ஸின் எழுத்தரும் அவள்தான் என்பதால், அவள் கையாலேயே பதிவேட்டில் ஏற்றினாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு லைன்ஸில் உள்ள நூற்று நாற்பத்திரண்டு பேருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை. போதை தெரிந்தால் அன்றைக்கே சஸ்பெண்ட், விசாரணை, அப்புறம் வீடுதான். வராமல் போனாலும் அதே கதி.

கீழே இன்னொரு பத்தியும் இருந்தது. சிறுநீர்க் கிண்ணம் கொடுப்பதற்கு முன், பதினோரு மணிக்குள், தனி மேஜைக்கு வந்து "எனக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது" என்று தானாக எழுதிக் கொடுப்பவருக்கு விசாரணை இல்லை. இருபத்தோரு நாள் ஆஸ்பத்திரி. வேலைக்கு ஆபத்தில்லை.

அந்தப் பத்தியை எழுதும்போது அவள் பேனா இரண்டு முறை நின்றது. காரணம், ஜக்தார். வீட்டில் ஜக்கி. கணவரின் தம்பி, அதே லைன்ஸில் கான்ஸ்டபிள், முப்பத்தொரு வயது.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவனுக்கு எட்டு வயது. மாமியார் இல்லாத வீடு. கொழுந்தன் என்று பேர், வளர்த்தது பிள்ளையாக. பத்து நாளைக்கு முன் துவைக்கப் போட்ட அவனது காக்கிச் சட்டைப் பையில் கருகிய வெள்ளித்தாள் கிடைத்தது. அது எதற்கு உதவும் என்று எந்தப் போலீஸ்காரிக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிட்டா என்று பஞ்சாப் முழுக்கப் பேர் போன வெள்ளைப் பொடி.

"பத்து நாள் குடுங்க அண்ணி, நானே விட்டுடறேன்" என்று காலைப் பிடித்தான். நாலு நாள் வியர்த்து, நடுங்கி, வாந்தியெடுத்துத் தாக்குப்பிடித்தான். ஐந்தாம் நாள் குளியலறையில் வெகுநேரம் தண்ணீர் ஓடியது. வெளியே வந்தவன் முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவைப் பார்த்ததுமே அவன் மறுபடி பொடியைத் தொட்டுவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

இந்த விஷயம் வீட்டில் அவளுக்கும் கணவர் அவ்தார் சிங்குக்கும் மட்டும்தான் தெரியும். ஜக்கியின் மனைவி ரூபிந்தர் காதில் விழாமல் இருவரும் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள்.

"கருகுது, கருகுது!" என்றபடி அவ்தார் சிங் எருமைக் கொட்டிலிலிருந்து உள்ளே வந்தார். ஒரு கையில் பால் வாளி. இன்னொரு கையில் இருமல் மருந்து பாட்டில். அதை அடுப்போரம், சூடு படும் இடமாகப் பார்த்து வைத்தார்.

"அது என்ன?"

"கடுகெண்ணெய்."

"கடுகெண்ணெய்ல நுரை வருமா?"

அவர் தாடியைச் சொறிந்தார். "சரி, என்னோடதுதான். ஜக்கி எடுத்துட்டுப் போறான். அக்குள்ல இடுக்கிக்கிட்டா சூடு ஆறாதாம். கிண்ணத்துல ஊத்திக் குடுத்துட்டா முடிஞ்சது கதை."

"சூடு ஆறாதுன்னு யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்களாம் அவன்கிட்ட. எதுக்கு நீ போலீஸ்காரி மாதிரி குடையறே?"

"நான் போலீஸ்காரிதான்."

"அடியே பம்மி, நான் பீடி தொட்டவனா? சொட்டு சாராயம் தொட்டவனா? என்னோடதைவிடச் சுத்தமானது இந்தத் தெருவுலயே கிடைக்காது!" பால் விற்கிற பெருமையோடு சொன்னார் மனிதர்.

பர்மிந்தர் ஆணியில் தொங்கிய அவர் குர்த்தாவின் பைக்குள் கைவிட்டு ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்துக் காட்டினாள்.

"இது?"

"முதுகு வலி மாத்திரை. கடைத்தெரு ராணா குடுக்கிறது."

"எத்தனை வருஷமா?"

"மூணு இருக்கும். அதைப் போட்டாத்தான் நாலு எருமை கறக்க முடியுது. போடலேன்னா கைகால் உதறுது."

"வலிக்குப் போட்டா கைகால் ஏன் உதறுது? போன மாசம் இதே மாத்திரை ரெண்டாயிரம் பிடிச்சுட்டு வந்தாங்க. மகஜர் எழுதினவ நான். அந்தச் சோதனைப் பட்டையில இதுக்குன்னே தனியா ஒரு கோடு இருக்கு. இந்த பாட்டிலைக் கொண்டுபோய்க் குடுத்தா, உங்க தம்பி பித்தலாட்டத்துக்கும் மாட்டுவான், போதைக்கும் மாட்டுவான்."

அவ்தார் சிங் பாட்டிலைப் பார்த்தார். மாத்திரையைப் பார்த்தார். பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வாசற்படியில் யாரோ சிரித்தார்கள். ஜக்கி. சீருடை போட்டு, தலைப்பாகை கட்டித் தயாராக நின்றிருந்தான். சிரிப்பு முடிவதற்குள் ஒரு கொட்டாவி வந்தது, அதன் பின்னாலேயே இன்னொன்று. மூக்கு ஒழுகியது. பிப்ரவரிக் குளிர்தான், ஆனால் அவன் கழுத்தில் வியர்வை.

"அண்ணன் பாலைத்தான் ஊரே நம்பி வாங்கிக் குடிக்குது" என்றான். 

பர்மிந்தர் பாட்டிலை எடுத்துப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். திரும்பி வந்து அவன் எதிரே நின்றாள்.

"ஜக்கி, பதினோரு மணி வரைக்கும் டயம் இருக்கு. தனி மேஜைக்கு வந்து எழுதிக் குடுத்துடு. நான்தான் அங்க இருப்பேன்."

"நூத்தி நாப்பது பேர் பாக்க நடந்து வரணும். மூஞ்சியில கரி பூசிக் கழுதை மேல ஏத்தறதும் அதுவும் ஒண்ணு அண்ணி."

"வேலை போறதும் அதுவும் ஒண்ணா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "வருகைப் பதிவேடு உங்க கையில. என் பேருக்கு நேரா ஒரு டிக் போட்டு, கிண்ணம் குடுத்தாச்சுன்னு எழுதிட்டா? யாரு உக்காந்து எண்ணப் போறாங்க?"

"எண்ணுவாங்க."

"எண்ணலைன்னா?"

"எண்ணலைன்னாலும் எழுத மாட்டேன்."

அவன் பைக் சாவியை எடுத்தான். "அப்போ நீங்க என் அண்ணி இல்ல. வெறும் எழுத்தர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பைக் சத்தம் தெருமுனை தாண்டுகிறவரை அவள் அசையவில்லை. அப்புறம் கருகிய பராட்டாவை எடுத்துத் தானே தின்றாள். 

*

லைன்ஸ் மைதானத்தில் முதல் கிண்ணம் இன்ஸ்பெக்டர் பல்கார் சிங்குடையது. "என்னுதைச் சோதிச்சு எல்லாருக்கும் காட்டுங்க டாக்டர், அப்புறம் இவனுங்களைக் கூப்பிடுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். கொட்டகை மறைவில் ஆண்கள், மருந்தக அறையில் நர்ஸம்மாவோடு பெண்கள் என்று வரிசை நகர்ந்தது. பர்மிந்தரும் தன் பங்கைக் கொடுத்துவிட்டு வந்து பதிவேட்டின் முன் உட்கார்ந்தாள்.

கேலிக்குப் பஞ்சமில்லை.

"ரோட்டோரம் நின்னா அருவியா கொட்டுது, இங்க நின்னா வர மாட்டேங்குதேடா!"

"பக்கத்துல ஒருத்தன் லத்தியோட நின்னா எப்படி வரும்?"

"எழுத்தர் மேடம், இன்னைக்கு வரலைன்னா நாளைக்குக் கொண்டாந்து தரலாமா?"

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு இடப்பக்கம், வெயிலில் தன்னந்தனியாக, அவளே கவனிக்க வேண்டிய அந்த இன்னொரு மேஜை. மேலே பத்திருபது வெள்ளைப் படிவம், பறக்காமல் இருக்க ஒரு கல். எதிரே காலி நாற்காலி. எட்டு மணியிலிருந்து அதன் பக்கம் ஒரு ஈ காக்கை போகவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு காக்கை வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிற்று.

"ஜக்தார் சிங்!" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். மூன்றாம் முறை கூப்பிடும்போது வரிசையில் பேச்சு அடங்கியது. அவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

பல்கார் சிங் பதிவேட்டின் மேல் குனிந்தார். "உங்க வீட்டுப் பையன்தானே?"

"ஆமா சார்."

"எங்கே?"

"தெரியலை சார். காலையில வீட்டிலேர்ந்து கிளம்பினான்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் பேனாவை ஊன்றி "வரவில்லை" என்று எழுதினாள். நாலெழுத்து தெரியாத பையனுக்குக் கை பிடித்து எழுதக் கற்றுத்தந்த அதே கை.

பத்தரை ஆயிற்று. வரிசையில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

தர்ஷன் சிங்கை மட்டும், சிறுநீர் வரவில்லை என்று, இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆயுதக் கிடங்குக்குப் பொறுப்பான உதவி சப்-இன்ஸ்பெக்டர். ஐம்பத்தைந்து வயது. வெள்ளைத் தாடி, மடிப்புக் கலையாத சட்டை. குடியரசு நாள் அணிவகுப்பில் கொடி பிடிப்பவர் அவர்தான். மனிதர் தண்ணீர்ப் பானையருகே நின்று ஆறாவது டம்ளர் குடித்துக்கொண்டிருந்தார்.

"தர்ஷன் சாருக்குக் குழாய் அடைச்சுக்கிட்டிருக்கு, பிளம்பரைக் கூப்பிடுங்கப்பா!" என்று எவனோ கத்தினான்.

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். கொட்டகைப் பக்கம் போகிறார் என்றுதான் பர்மிந்தர் நினைத்தாள். அவர் இடப்பக்கம் திரும்பினார். மைதானத்தின் நடுவே, அணிவகுப்பில் நடக்கிற அதே நடை. தனி மேஜையின் எதிரே வந்து நின்றார்.

"எழுதிக்கம்மா பர்மிந்தர்."

அவளுக்குப் புரியவில்லை. "என்ன அண்ணே?"

"தர்ஷன் சிங். அபின். பதினாறு வருஷமா."

வரிசை முழுக்க அந்த மேஜைப் பக்கம் திரும்பியது. பிறகு பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

"யார்ரா அது?" பல்கார் சிங்கின் குரல் கொட்டகைத் தகரத்தில் மோதித் திரும்பியது. "பல்லைக் காட்டினவன் முன்னாடி வா. வர மாட்டியா? பதினாறு வருஷம் மறைச்சதை அந்த மனுஷன் நூறு அடி நடந்து வந்து சொல்லிட்டாரு. உனக்கு இங்கேர்ந்து அங்க பத்தடி நடக்கத் தைரியம் இல்ல. நீயெல்லாம் சிரிக்கறியா?"

பிறகு அவரே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார்."

தனக்குக் கீழே வேலை பார்ப்பவரை அவர் 'சார்' என்று கூப்பிட்டு அந்த லைன்ஸில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

பர்மிந்தர் அந்த மேஜைக்கு வந்து உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். அவசரத்தில் பேர் கோணல்மாணலாக விழுந்தது. தர்ஷன் சிங் கையெழுத்துப் போட்டார். அது கோணவில்லை.

அவர் எழுந்திருக்குமுன்னே ஜீப் ஓட்டும் ஒரு டிரைவர் வந்து பின்னால் நின்றான், தலையைக் குனிந்துகொண்டு. அடுத்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஒரு கான்ஸ்டபிள், அழுதுகொண்டே. பர்மிந்தர் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தாள். டிரைவருக்கு வார்த்தை வரவில்லை; கேள்விக்குக் கேள்வி அவனைத் தட்டிக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கான்ஸ்டபிள் படிவத்தை நனைத்துவிட்டான், இன்னொன்று எடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த படிவத்தை இழுத்து வைத்து, "பேர்?" என்றாள்.

"ஜக்தார் சிங்."

நிமிர்ந்தாள். கண் சிவந்து, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஜக்கி நின்றிருந்தான்.

"பைக் ஷெட்லதான் நின்னுட்டிருந்தேன், காலையிலேர்ந்து" என்றான் தரையைப் பார்த்து. "வெளிய போறதுக்கும் கால் வரல, உள்ள வர்றதுக்கும் கால் வரல. தர்ஷன் சார் நடக்கறதைப் பாத்தேன்."

அவளுக்கு எழுந்து அவன் தலையை இழுத்து மார்பில் சாய்த்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எழுந்தாள். ஆனால் செய்தது வேறு. பேனாவை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"சார், இவன் என் கொழுந்தன். இந்தப் படிவத்தை நான் எழுதக் கூடாது. இன்னொண்ணு, மணி பதினொண்ணு அஞ்சு ஆயிடுச்சு."

ஜக்கி அவளைத் திடுக்கிட்டுப் பார்த்தான். பல்கார் சிங் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

"இவன் வந்து வரிசையில நின்னது எத்தனை மணிக்கு?"

 தண்ணீர்ப் பானையருகிலிருந்து தர்ஷன் சிங் சொன்னார்: "பத்து அம்பத்திநாலு. நான் பாத்தேன்."

"அப்போ பத்து அம்பத்திநாலு. ரேஷன் கடையில வந்து நின்ன நேரம்தான் கணக்கு, கோதுமை அளந்த நேரமில்ல." பேனாவை வாங்கிக்கொண்டு அவரே உட்கார்ந்தார். "சொல்லுப்பா. என்ன பொடி, எவ்வளவு நாளா?"

ஜக்கி சொன்னான். ஒவ்வொன்றாக, ஒளிக்காமல் சொன்னான். பர்மிந்தர் இரண்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கேட்கக் கேட்க நெஞ்சு வலித்தது. கூடவே பத்து நாளாக அங்கே உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று மெல்ல இறங்கியது. வாஹேகுரு, வாஹேகுரு என்று உதடு தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குள் மீதிப் பேரையும் சோதித்து முடித்தார்கள். மூன்று பேர் மாட்டினார்கள். அவர்களுடைய பெல்ட்டையும் அடையாள அட்டையையும் மேஜைமேல் கழற்றி வைக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். மூவரில் ஒருவன், காலையில் பிளம்பரைக் கூப்பிடச் சொன்னவன்.

*

மேஜைக்குத் தானாக வந்த நாலு பேரையும் போலீஸ் வேனிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். போதை மீட்பு வார்டு மாடியில், வெளிச்சமான இடம். டாக்டரம்மா ஜக்கியின் கண்ணை விரித்துப் பார்த்தார், நாடி பிடித்தார். "இன்னிக்கு ராத்திரியும் நாளைக்கும் கஷ்டம்தான். மருந்து இருக்கு, நாங்க இருக்கோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பர்மிந்தருக்கு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தது.

ரூபிந்தருக்கு எப்படிச் சொல்வது என்று அவள் வராந்தாவில் நின்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதே ரூபிந்தர் படியேறி வந்தாள். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். விரலில் இன்னும் சாக்பீஸ் தூள். தோளில் ஒரு பை.

"ரூபி, நான் உன்கிட்ட ஒண்ணு..."

"அவ்தார் அத்தான் போன் பண்ணினாரு. ஆனா எனக்குப் போன மாசம் லோஹ்ரி பண்டிகையிலேர்ந்தே தெரியும் அக்கா."

"தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லலையேடி!"

"நீங்க ரெண்டு பேரும் அவரைப் பிள்ளை மாதிரி பாத்துக்கறீங்க. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவீங்களேன்னு மூடி வச்சேன்."

பர்மிந்தருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒரே கூரைக்குக் கீழே, ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி, ஒரே நெருப்பை முந்தானையில் முடிந்துவைத்திருந்திருக்கிறார்கள்!

ரூபிந்தர் கட்டிலருகே போய்ப் பையைத் திறந்தாள். கம்பளிப் போர்வை, சீப்பு, மாற்றுத்துணி, நெய்யில் பிடித்த 'பின்னி' என்ற கோதுமை மாவு உருண்டை ஒரு டப்பா. எல்லாம் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்ததுபோல ஒழுங்காக மடித்திருந்தது.

"இருபத்தோரு நாள்" என்றாள் கணவனிடம். "நடுவுல போன் பண்ணி, கூட்டிட்டுப் போயிடுன்னு அழுதா எடுக்க மாட்டேன். இருபத்திரண்டாம் நாள் காலையில ஸ்கூட்டர் எடுத்துட்டு நானே வருவேன். பின்னாடி உக்காந்துக்கணும், சும்மா வரணும்."

"கோவமா இருக்கியா?" என்றான் ஜக்கி.

"ரொம்ப. அதான் நெய் அதிகமா ஊத்திப் பிடிச்சேன்."

மூன்று மணி வாக்கில் அவ்தார் சிங் ஒரு பெரிய பால் கேனோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வார்டு முழுக்க ஊற்றச் சொன்னார். தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தார், அதே கையால் தடவியும் கொடுத்தார். அப்புறம் நர்ஸின் மேஜையருகே போய் நின்று இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த முதுகு வலி மாத்திரை... அதுக்கு எந்த டாக்டரைப் பாக்கணும்?" என்று மெல்லக் கேட்டார்.

பர்மிந்தர் கேட்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜக்கி அவளைக் கூப்பிட்டான். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். "அண்ணி, காலையில நான் சொன்னது..."

"என்ன சொன்னே? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல."

"நீங்க டிக் போட்டிருந்தா நான் இந்நேரம் பொடி தேடிப் போயிருப்பேன்."

அவள் போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அதற்கு மேல் அங்கே நின்றால் அழுதுவிடுவாள்.

*

வராந்தாக் கோடியில் தர்ஷன் சிங் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க யாரும் வரவில்லை. பர்மிந்தர் அவர் எதிரே போய்க் குனிந்து காலைத் தொட்டாள்.

"அட, என்னம்மா இது!"

"அண்ணே, நீங்க அந்த மேஜைக்கு நடக்கலேன்னா எங்க வீடு இன்னைக்கு இருண்டிருக்கும். இந்தக் கடனை நான் எப்படி..."

"எந்திரி முதல்ல. என்னைப் பெரிய மனுஷன் ஆக்காதே." அவர் தாடியை நீவிக்கொண்டே தரையைப் பார்த்தார். "உன் கொழுந்தன்கிட்ட பாட்டில் இருந்திச்சா காலையில?"

அவள் திகைத்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அக்குள்ல வச்சா சூடு ஆறாதுன்னு சொல்லிக் குடுத்தவன் நான்தான். நேத்து சாயங்காலம் கிடங்குக்கு வந்து அழுதான். எனக்குத் தெரிஞ்ச வித்தையைச் சொல்லி அனுப்பினேன். ரெண்டு வருஷம் முன்ன இதே மாதிரி சோதனை வந்தப்போ நானே அப்படித்தான் தப்பிச்சேன். என் மகனோடதைக் குடுத்து."

பர்மிந்தர் மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"போன வருஷம் அவன் கனடா போனான். ஏர்போர்ட்ல என் காதுல ஒரே வார்த்தைதான் சொன்னான். 'அப்பா, இனிமே உங்களுக்கு யாரு குடுப்பா?'ன்னு. அவ்வளவுதான். இன்னிக்கு நீ ஜக்தார் பேரை மூணு தடவை கூப்பிட்டே பாரு, மூணு தடவையும் என் மகன் குரல்தான் கேட்டுச்சு. ஒரு பையனுக்கு நல்லது சொல்ற வயசுல திருட்டைச் சொல்லிக் குடுத்துட்டேனே. தைரியம் இல்லம்மா அது. வெக்கம்."

"வெக்கமோ தைரியமோ அண்ணே, நீங்க நடந்தீங்க. எங்க பையன் பின்னாடி வந்தான். எனக்கு அது போதும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒரு உபகாரம் பண்ணுவியா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க."

"வீட்டுக்குத் தெரியாது. சத்வந்த்துக்குப் பதினாறு வருஷமா எதுவுமே தெரியாது. போனை மூணு தடவை எடுத்தேன், மூணு தடவையும் வச்சுட்டேன். நீ போய்ச் சொல்லணும்."

 அவர் மனைவி சத்வந்த் கௌரை யாருக்குத் தெரியாது! போதை ஒழிப்புப் பெண்கள் குழுவின் தலைவி. போன மாதம்தான் முப்பது பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பொடி வியாபாரியின் வீட்டு வாசலில் சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டி, அவனை ஊரைவிட்டே ஓடவைத்தவள்.

"போறேன் அண்ணே" என்றாள்.

*

போலீஸ் குடியிருப்பில் மாலை வெயில் இன்னும் மிச்சமிருந்தது. சத்வந்த் கௌர் முற்றத்தில் கட்டிலில் உட்கார்ந்து கடுகுக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுவரோரம் ஊர்வலப் பலகைகள் அடுக்கியிருந்தன. 'பிள்ளைகளைக் காப்போம்' என்றது மேலே இருந்தது.

"வாடி பர்மிந்தர், வா! லைன்ஸ்ல சோதனையாமே? எத்தனை பேர் மாட்டினானுங்க? பேரைச் சொல்லு, நாளைக்கே அவனுங்க வீட்டு வாசல்ல தட்டோட நிக்கறேன்."

வழியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தை ஒன்றுகூட பர்மிந்தருக்கு வரவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கீரையில் ஒரு பிடியை எடுத்துத் தானும் ஆயத் தொடங்கினாள்.

"அக்கா, எங்க ஜக்கி சிட்டா எடுத்துட்டிருந்தான்."

சத்வந்தின் கை நின்றது. "நம்ம ஜக்கியா?"

"மாட்டியிருப்பான். ஓடியும் போயிருப்பான். அப்போ ஒருத்தர், அத்தனை பேர் பாக்க முதல்ல நடந்து வந்து, எனக்கும் பழக்கம் இருக்குன்னு எழுதிக் குடுத்தாரு. சிரிச்சாங்க. அவர் அசையல. அவரைப் பாத்துத்தான் எங்க பையன் வந்தான். இப்போ ஆஸ்பத்திரியில இருக்கான், வேலை இருக்கு, உசுரு இருக்கு. அந்த மனுஷருக்கும் அவர் வீட்டுக்கும் நன்றி சொல்லாம இன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது அக்கா."

"சொல்ல வேண்டியதுதான். புண்ணியவான்." சத்வந்த் தலையாட்டினாள். "யாரு அவர்? எந்த வீடு?"

பர்மிந்தர் கீரையைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"இந்த வீடுதான் அக்கா."

சத்வந்த் கௌர் அவளைப் பார்த்தபடியே இருந்தாள். முகத்தில் கோபம் வரவில்லை, கண்ணீர் வரவில்லை. மடியிலிருந்த கீரையை ஒரு இலை சிந்தாமல் தட்டில் எடுத்து வைத்தாள். முழங்காலில் கையூன்றி எழுந்தாள். உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

 பிறகு தகரப் பெட்டி திறக்கிற ஓசை. துணிகளை இழுக்கிற ஓசை.

கணவரின் துணியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக அடுக்குகிறாளா, வாசலில் வீசி எறியப் போகிறாளா, பர்மிந்தருக்குத் தெரியவில்லை. எது வந்தாலும் அந்த மனிதருக்காக இங்கே நிற்பது தன் பங்கு என்று மட்டும் தெரிந்தது. கட்டிலிலிருந்து எழுந்து, கூப்பிய கையைப் பிரிக்காமல், மூடிய கதவைப் பார்த்து அவள் நின்றுகொண்டிருந்தாள்.